ஆம்ப் வாங்கும்போது காதை நம்புவதா, அளவீட்டை நம்புவதா?

உங்கள் கேள்வியை முதலில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். அறை 12 அடிக்கு 10 அடி, மொத்த பட்ஜெட் ஒன்றரை லட்சம். ஷோரூமில் 40,000 ரூபாய் ஆம்பையும் (ஆம்ப்ளிஃபயர்) 1,10,000 ரூபாய் ஆம்பையும் ஒரே ஜோடி ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். விலை கூடியதில் பாடுபவரின் குரல் முன்னால் வந்தது, பேஸ் இறுக்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து இணையத்தில் அளவீடுகளைப் பார்த்தால் இரண்டுக்கும் கிராஃப் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. காதை நம்புவதா, கருவியை நம்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அன்று கேட்ட வித்தியாசம் உண்மையிலேயே ஆம்பில் இருந்ததா? இந்தப் பணத்தை எதில் போட்டால் வீட்டில் காதுக்குத் தெரியும்? இரண்டாவதுதான் முக்கியம். ஆனால் முதலாவதைத் தீர்க்காமல் அதற்குப் போக முடியாது.

நீங்கள் வித்தியாசத்தைக் கேட்டது பொய் இல்லை. அதன் காரணம் ஆம்பின் தரம்தானா என்பதில்தான் சந்தேகம். முதல் சந்தேகநபர் ஒலியளவு. இரண்டு ஆம்புகளின் வால்யூம் குமிழையும் ஒரே இடத்தில் வைத்தாலும் வெளியே வரும் ஒலி ஒரே அளவு என்று எண்ணக் கூடாது. ஒவ்வொன்றின் கெயினும் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) வேறு. 2, 3 டெசிபல் வித்தியாசம் மிகச் சாதாரணம். ஒலி அரை டெசிபல், ஒரு டெசிபல் கூடினால் அது ‘சத்தம் கூடிவிட்டது’ என்று காதுக்குத் தோன்றாது. ‘நிறைவாக இருக்கிறது, விவரம் கூடியிருக்கிறது, பேஸில் பிடிப்பு வந்திருக்கிறது’ என்றுதான் தோன்றும். ஒலியளவு மாறும்போது தாழ்ந்த ஸ்வரங்களைக் காது உணரும் விதமும் சேர்ந்து மாறுகிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933இலேயே வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். ஐஎஸ்ஓ 226 என்ற தரநிலை இன்றும் அதே விஷயத்தைத்தான் பேசுகிறது. ஆகவே ஒலியளவைச் சரிசமமாக்காமல் செய்த எந்த ஒப்பீட்டையும், அது ஷோரூமில் நடந்தாலும் விமர்சகர் வீட்டில் நடந்தாலும், தள்ளிவிடலாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இரண்டாவது சந்தேகநபர் கண். ஒலி ஆராய்ச்சியாளர்கள் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில் 40 பேர் நான்கு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். ஒருமுறை திரைக்குப் பின்னால் வைத்து, இன்னொருமுறை கண்ணுக்கு முன்னால் வைத்து. பார்த்துக் கேட்டபோது பெரிய, விலையுயர்ந்த ஸ்பீக்கர்களின் மதிப்பெண் ஏறியது, சிறியதன் மதிப்பெண் இறங்கியது. அதைவிடச் சுவையான இன்னொரு முடிவும் உண்டு. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தால் ஒலி மாறுவதைத் திரைக்குப் பின்னால் கேட்டபோது தெளிவாக உணர்ந்தவர்கள், பார்த்துக்கொண்டே கேட்டபோது அந்த மாற்றத்தைப் பெரும்பாலும் கவனிக்கவே இல்லை. பார்வை இல்லாத வித்தியாசத்தை உண்டாக்குவதோடு நிற்பதில்லை, இருக்கிற வித்தியாசத்தையும் மறைத்துவிடுகிறது. அவர்கள் எல்லாரும் ஆடியோ நிறுவனத்தின் ஊழியர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழக்கப்பட்ட காது என்ற கவசம் இங்கே உதவவில்லை.

ஆகவே சண்டை காதுக்கும் கருவிக்கும் இடையில் இல்லை. பெயர்ப்பலகை தெரியாமல், ஒலியளவு சமமாக வைத்துக் கேட்கும் காதும் ஒரு நல்ல அளவுகருவிதான். உங்களுக்கு ஆம்ப் இரண்டும் ஒரு வார இறுதிக்குக் கிடைக்கும் என்றால் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். 200 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை ஓடவிடுங்கள். 1,000 ஹெர்ட்ஸ் வேண்டாம். விலை குறைந்த மல்டிமீட்டர்கள் பலவற்றில் ஏசி வோல்ட் 400 ஹெர்ட்ஸ் வரைதான் துல்லியம். மீட்டரை ஏசி 20 வோல்ட் ரேஞ்சில் வைத்து, ஸ்பீக்கர் டெர்மினலில் சுமார் 2 வோல்ட் வரும்படி முதல் ஆம்பை வையுங்கள். இரண்டாவதை அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். 0.1 டெசிபல் என்பது ஏறத்தாழ 1.2 சதவீத வோல்டேஜ். அதாவது ஒன்று 2.00 காட்டினால் மற்றது 1.98க்கும் 2.02க்கும் நடுவில் இருக்க வேண்டும். இடது, வலது இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். கிளாஸ்-டி ஆம்ப் (மின்சாரத்தை மிக வேகமாக சுவிட்ச் செய்து பெருக்கும் வகை) என்றால் பாட்டு எதுவும் ஓடாதபோதும் மீட்டர் ஏதாவது காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். காட்டினால் அது சுவிட்சிங் மிச்சம். டோனின் அளவைச் சற்று உயர்த்தி அளந்தால் அதன் பாதிப்பு குறையும்.

மாற்றுவதற்கு சுவிட்ச் செய்துகொள்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பாசிட்டிவ் ஒயரை மட்டும் மாற்றிவிட்டு நெகட்டிவைப் பொதுவாக இணைத்துவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இன்றைய பல கிளாஸ்-டி ஆம்புகளில் நெகட்டிவ் முனை கிரவுண்ட் இல்லை. அதிலும் சிக்னல் ஓடுகிறது. பொதுவாக இணைத்தால் ஏதாவது ஒரு ஆம்பின் வெளியீடு போய்விடும். இரண்டு முனைகளையும் துண்டித்து மாற்றும், ஒன்றை விட்ட பிறகே மற்றதைத் தொடும் சுவிட்ச்தான் வேண்டும். அது இல்லையென்றால் பனானா பிளக் போட்டுக் கையால் மாற்றினாலே போதும், சில நொடி தாமதம் ஆகும், அவ்வளவுதான். மாற்றுபவர் நாணயம் சுண்டி முடிவெடுக்கட்டும், உங்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும், பேசவும் வேண்டாம். 16 முறை செய்யுங்கள். குருட்டுத்தனமாக ஊகித்தால் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வருவதற்கான வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே 12 வந்தால் வித்தியாசம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 9 வந்தால் வித்தியாசமே இல்லை என்று நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் 70,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க அது போதிய காரணமும் ஆகாது.

அப்படியென்றால் எல்லா ஆம்பும் ஒன்றா என்றால், இல்லை. எங்கே வேறுபடும் என்பது தெரிந்த விஷயம், எல்லாமே அளக்கக்கூடியவை. முதலாவது, சக்தி போதாமல் அலையின் தலை வெட்டுப்படுவது. இரண்டாவது, அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்பின் வெளியீட்டில் இருக்கும் மின்தடை. வால்வு ஆம்ப் ஒன்றில் இது 2 ஓம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் ஒரு இடத்தில் 4 ஓமாகவும் இன்னொரு இடத்தில் 20 ஓமாகவும் இருந்தால், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 2.7 டெசிபல் ஏற்றத்தாழ்வு தானாக வந்துவிடும். அது யார் காதுக்கும் கேட்கும். வால்வின் ‘இதமான’ ஒலி என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இதுதான். 1985இல் ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர் ஒரு விலையுயர்ந்த ஆம்பின் ஒலியைத் தன் விலை குறைந்த டிரான்சிஸ்டர் ஆம்பில் கொண்டுவந்து காட்டுவதாக ஸ்டீரியோஃபைல் பத்திரிகையோடு பந்தயம் கட்டினார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் 70 டெசிபல் கீழே போகும்வரை திருத்தினார். அதன்பின் பத்திரிகைக்காரர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆம்புக்கு ‘குணம்’ இருக்கலாம், ஆனால் அது மீட்டருக்குப் பிடிபடாத மாயம் இல்லை. மூன்றாவது, இரைச்சலும் ஹம் என்னும் ரீங்காரமும். நான்காவது, சில மலிவான கிளாஸ்-டி போர்டுகளில் வெளியீட்டு ஃபில்டர் குறிப்பிட்ட ஓமுக்கு என்று கணக்கிடப்பட்டிருக்கும். வேறு ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் மேல் ஸ்தாயி ஒன்றிரண்டு டெசிபல் ஏறும் அல்லது இறங்கும். இந்த நான்கிலும் தேறிய இரண்டு ஆம்புகளை, ஒலியளவு சமமாக வைத்து, பெயர் தெரியாமல் பிரித்தறிந்தவர்களைக் காண்பது மிக அரிது. நீங்கள் கேட்ட இரண்டும் டிரான்சிஸ்டர் ஆம்புகள், கிராஃபும் ஒன்று என்கிறீர்கள். பெரும்பாலும் குமிழின் வேலைதான் அது.

ஹம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதற்குப் பயந்து ஆம்பையே மாற்றுகிறவர்கள் உண்டு. செட்-டாப் பாக்ஸின் கேபிள் வழியாக ஒரு எர்த், ஆம்பின் மூன்றாவது பின் வழியாக இன்னொரு எர்த் என்று இரண்டு பாதை கிடைத்தால் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ஸ்பீக்கரில் வரும். கேபிளைக் கழற்றியதும் ஹம் நின்றால் காரணம் அதுதான். ஆப்டிகல் கேபிளில் இணைத்தால் அந்தச் சுற்று அறுந்துவிடும். எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் எலக்ட்ரீஷியனின் பேச்சைக் கேட்காதீர்கள்; உயிர் விஷயம்.

இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன், அளவீட்டை வேதமாக்குகிறவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். சினாட் என்ற ஒற்றை எண்ணை வைத்து டாக்குகளை (டிஜிட்டல் பாட்டை ஒலிச் சிக்னலாக மாற்றும் கருவிகள்) தரவரிசைப்படுத்துவது இப்போது வழக்கம். 120 டெசிபல் என்றால் இரைச்சலும் சிதைவும் சேர்ந்து சிக்னலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 100 டெசிபல் என்றால் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. பொறியியலாக 120 அருமைதான். ஆனால் சீலிங் ஃபேன் சுற்றும் அறையின் இரைச்சல் எளிதாக 40 டெசிபலைத் தாண்டும்; சிடியின் 16 பிட்டே கோட்பாட்டளவில் 98 டெசிபல்தான்; ஸ்பீக்கர் தன் பேஸில் சற்று உரக்க ஓடும்போது ஒரு சதவீதச் சிதைவைச் சாதாரணமாகச் சேர்க்கிறது. இந்தச் சூழலில் 100க்கும் 120க்கும் உள்ள வேறுபாடு உங்களை எட்டப்போவதில்லை. அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்கும் ஆப்பிளின் டைப்-சி ஹெட்ஃபோன் டாங்கிளும் ஒரு டாக்தான், அது 100ஐ ஒட்டி அளக்கிறது. 30,000 ரூபாய் டாக் அதைவிட நன்றாக அளக்கும், ஆனால் ரிமோட், பல இன்புட், நல்ல குமிழ் என்பவற்றுக்காகத்தான் அதை வாங்க வேண்டும். சினாட் இன்னொன்றையும் சொல்வதில்லை: அது ஒரே ஒரு 1,000 ஹெர்ட்ஸ் டோனில், குறிப்பிட்ட ஒரு வெளியீட்டு அளவில் எடுத்தது. ஆம்ப் 5 வாட்டில் எவ்வளவு சுத்தம் என்று அது சொல்லும். 4 ஓம் சுமையில் 80 வாட்டில் என்ன ஆகும் என்று சொல்லாது. அதற்கு சக்திக்கு எதிராகச் சிதைவு வரைந்த கோட்டைப் பார்க்க வேண்டும்.

வாட் என்று வந்ததால் சொல்கிறேன். நம் ஊர்க் கடைகளில் ‘3000 வாட் பிஎம்பிஓ’ (கண நேர உச்ச சக்தி என்று சொல்லிக்கொள்ளும் எண்) என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து, பின்பக்கம் 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் கொடுக்கிற பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போவதே 36 வாட், வெளியே எப்படி 3000 வரும்? அது அப்பட்டமான பொய், அதனால் ஆபத்து குறைவு. ஏமாற்றுவது அரை உண்மைகள்தான். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் டிபிஏ3116 ஆம்ப் போர்டின் ‘50 வாட்’ என்பது 21 வோல்ட் சப்ளையில், 4 ஓமில், 10 சதவீதச் சிதைவில் கொடுத்த எண். 10 சதவீதம் என்றால் அலையின் தலை ஏற்கெனவே வெட்டுப்பட்டுவிட்டது. சிதைவு ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமென்றால் அதில் கால்பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரிலும் இதே கதை. கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதுதான் சென்சிடிவிட்டி. ‘சென்சிடிவிட்டி 86 டெசிபல், 2.83 வோல்ட், 1 மீட்டர்’ என்பது 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே 2.83 வோல்ட் இரண்டு வாட். ஆக 4 ஓமில் உண்மையான எண் வாட்டுக்கு 83.

உங்களுக்கு எத்தனை வாட் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 8 ஓம், 86 டெசிபல் ஸ்பீக்கர். நீங்கள் உட்காருவது இரண்டரை மீட்டரில். திறந்த வெளியில் 8 டெசிபல் குறையும், அறைக்குள் சுவர்கள் திருப்பித் தருவதால் சுமார் 6 குறையும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும். ஆக ஒரு வாட்டுக்கு 83. வீட்டில் மற்றவர்கள் எட்டிப் பார்த்துக் கேட்கிற அளவு சராசரி 78 என்றால், தவிலோ டிரம்ஸோ அடிக்கும் நொடியில் 18 டெசிபல் உச்சம் சேர்த்து 96 வேண்டும். 13 டெசிபல் கூடுதல் என்றால் 20 வாட். சராசரியே 85 வைத்துக் கேட்பவர் என்றால் உச்சம் 103, அதற்கு 100 வாட். இரண்டு பேருக்கும் ஒரே ஆம்பைப் பரிந்துரைக்க முடியாது, ஆனால் இரண்டு பேருக்கும் ஒரு லட்ச ரூபாய் ஆம்ப் தேவையில்லை.

ஸ்பீக்கரில்தான் பணத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. இரண்டு நல்ல ஆம்புகளின் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸில் (எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உரக்கத் தருகிறது என்பதில்) வேறுபாடு டெசிபலில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு ‘நல்ல’ ஸ்பீக்கர்களின் வேறுபாடு 3, 5 டெசிபல், பேஸில் 10 டெசிபல்கூட. டூல் 1980களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில், எதிரொலி இல்லாத அறையில் ஸ்பீக்கர்களை அளந்து, அதே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்கச் செய்து, இரண்டையும் ஒப்பிட்டார். நேர்முகத்தில் (ஸ்பீக்கருக்கு நேர் எதிரே) சமதளமாகவும் பக்கவாட்டில் அதே சாயலோடு படிப்படியாக இறங்குவதாகவும் இருக்கும் ஸ்பீக்கரைத்தான் பெரும்பான்மையோர் விரும்பினார்கள். ஆலிவ் 2004இல் 70 ஸ்பீக்கர்களை வைத்து, அளவீட்டிலிருந்தே கேட்பவர் போடும் மதிப்பெண்ணைக் கணிக்கும் ஒரு சூத்திரம் வெளியிட்டார்; அதன் ஒட்டுறவு 0.86 (1 என்றால் முழுப் பொருத்தம்). இந்த வழியில் வந்ததுதான் இப்போது ‘ஸ்பினோராமா’ என்று புழங்கும் வரைபடம்: ஸ்பீக்கரைச் சுற்றி கிடையாகவும் செங்குத்தாகவும் 10 டிகிரிக்கு ஒன்றாக 70 இடங்களில் அளந்து தொகுத்தது.

அதில் முதலில் பார்க்க வேண்டியது மேலே ஓடும் நேர்முகக் கோடு இல்லை. கீழே தனியாக ஓடும் டைரக்டிவிட்டி கோடு, அதாவது ஒலி பக்கவாட்டில் எவ்வளவு பரவுகிறது என்பதைக் காட்டுவது. ஆறரை அங்குல ஊஃபரின் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பகுதி) கூம்பு சுமார் 13 செ.மீ. அகலம். அலைநீளம் அந்த அளவுக்கு வரும் 2,600 ஹெர்ட்ஸ் வாக்கில் ஊஃபர் டார்ச் லைட் மாதிரி நேராக மட்டும் அடிக்க ஆரம்பித்துவிடும். அங்கிருந்து பொறுப்பை எடுத்துக்கொள்ளும் ஒரு அங்குல ட்வீட்டரோ (உயர்ந்த ஒலிகளுக்கானது) எல்லாப் பக்கமும் பரப்பும். நேராக அளந்தால் கோடு சமமாக இருக்கும், பக்கவாட்டில் 3,000, 4,000 ஹெர்ட்ஸில் ஒரு மேடு நிற்கும். வெள்ளையடித்த வெறும் சுவர் அந்த மேட்டை அப்படியே உங்களிடம் திருப்பி அனுப்பும். வயலின் கீச்சென்று உறுத்துவதும், பாடுபவரின் ‘ச’கரம் காதைக் குத்துவதும் பல நேரம் இதனால்தான். ஈக்வலைசர் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது: பக்கவாட்டு மேட்டைக் குறைத்தால் நேர்முகத்தில் பள்ளம் விழும். ட்வீட்டரைச் சுற்றி ஆழமில்லாத கிண்ணம் போன்ற வேவ்கைடு வைத்த ஸ்பீக்கர்கள் இந்தக் குறையைத் தீர்க்கத்தான் வந்தன.

நிறுவனம் தரும் கிராஃபில் சில தந்திரங்கள் வழக்கம். நெட்டை அச்சில் 100 டெசிபல் போட்டுவிட்டால் மலையும் மடுவும் சமவெளி ஆகிவிடும். 50 டெசிபலுக்குள் வரைந்ததையே நம்புங்கள். ‘40 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் எத்தனை டெசிபல் என்று போடாவிட்டால் அந்த வரிக்குப் பொருளே இல்லை. 40இல் 10 டெசிபல் குறைந்திருந்தாலும் அப்படி எழுதலாம்.

விலைக்கும் ஒலிக்கும் என்ன தொடர்பு? ஹெட்ஃபோனில் இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு: யெரூன் ப்ரேபார்ட் 2017இல் 283 ஹெட்ஃபோன்களை எடுத்துக்கொண்டு பார்த்ததில், ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸுக்கும் சில்லறை விலைக்கும் தொடர்பு இல்லை என்று முடித்தார். ஸ்பீக்கருக்கு இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது, ஏனென்றால் அங்கே இயற்பியல் ஒரு குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறது. ஒரே சத்தத்தில் 80 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டுமென்றால் கூம்பு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய ஊஃபர், பெரிய காந்தம், பெரிய பெட்டி, மூன்றுக்கும் காசு. ஆகவே 30,000 ரூபாய் ஸ்பீக்கருக்கும் 80,000 ரூபாய் ஸ்பீக்கருக்கும் நடுவே பேஸில் வரும் வித்தியாசம் நிஜமானது. அதற்கு மேலே போகப்போக வெனியர், வளைந்த பெட்டி, இறக்குமதி வரி, டீலர் கமிஷன் ஆகியவற்றின் பங்கு கூடிக்கொண்டே போகும். அழகான பெட்டிக்குக் காசு கொடுப்பது குற்றம் இல்லை, எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது காதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். கடையில் ஸ்டீரியோவாகக் கேட்பதற்கு முன் ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் மோனோவில் ஓடவிட்டுக் கேளுங்கள். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து உண்டாக்கும் விசாலம் குறைகளை மூடிவிடும். ஒன்று தனியாக நின்றால் ஒளிய இடமில்லை. இதுவும் டூலின் சோதனைகளில் தெளிவாக வந்த முடிவு. நீங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய பாட்டுகளைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் ‘டெமோ’ டிராக் எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும், அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார். ஒரு பெண் குரல், ஒரு ஆண் குரல், தனி ஆவர்த்தனம் ஒன்று, பேஸ் கிட்டார் நடந்துபோகிற 80களின் இளையராஜா பாட்டு ஒன்று போதும். மிருதங்கம் ஏன் நல்ல சோதனை என்றால், வலந்தலையின், அதாவது வலப்பக்கத்தின், கரணை என்னும் கருப்புப் பூச்சு அதன் மேலொலிகளை முழு மடங்குகளில் நிறுத்துகிறது, சர் சி.வி. ராமன் 1920இல் இதைப் பற்றி நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார். அதனால் அந்த அடிக்குத் தெளிவான சுருதி உண்டு. ஸ்பீக்கர் நடுப்பகுதியில் கோணலாக இருந்தால் வலந்தலையின் ‘நம்’ பாடகரின் ஆதார சட்ஜத்தோடு ஒட்டாமல் தகரம் தட்டியதுபோலத் தனியாக நிற்கும். தொப்பி (இடப்பக்கம்) மட்டும் தொம்மென்று வீங்கினால் அது ஸ்பீக்கராகவும் இருக்கலாம், கடையின் அறையாகவும் இருக்கலாம். கடையில் கேட்கும் பேஸை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஏனென்றால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீங்கள் கேட்பது ஸ்பீக்கரை விட அறையை. உங்கள் அறையின் 12 அடி நீளம் 48 ஹெர்ட்ஸில் ஒரு நிலையலையைக் கட்டும், 10 அடி அகலம் 57இல். தளமும் 10 அடி உயரம் என்றால் அதே 57இல் இன்னொன்று வந்து சேரும். சதுரமான குறுக்குவெட்டு உள்ள அறையின் சாபம் இது. பேஸ் கிட்டாரின் ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் அறை அதிரும், அதற்கு முன்னும் பின்னும் வரும் ஸ்வரங்கள் அடங்கியிருக்கும். அமெரிக்க வீடுகளின் மரச்சட்டம்-ஜிப்சம் சுவர்கள் கொஞ்சம் நெளிந்து கொடுத்துப் பேஸை வெளியே கசியவிடும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அப்படி விடாது. அங்கே எழுதிய அறை ஆலோசனைகளை இங்கே அப்படியே பின்பற்றினால் பேஸ் கூடுதலாகவே இருக்கும். மேல் ஸ்தாயியிலும் அப்படித்தான்: விட்ரிஃபைடு டைல்ஸும் பூசிய சுவரும் மட்டும் இருக்கும் காலி அறையில் பரப்புகள் சராசரியாக 4 சதவீதம்தான் உறிஞ்சும் என்று வைத்தால், ஒலி 60 டெசிபல் அடங்க 2 நொடிக்கு மேல் ஆகும். அதை அரை நொடிக்கு இறக்க வேண்டும். கனமான திரைச்சீலை, தரையில் தடித்த கம்பளம், புத்தக அலமாரி, பஞ்சு மெத்தை சோபா இவையே பாதி வேலையைச் செய்துவிடும். ஒரு அங்குல நுரைப் பலகையை ஒட்டி பேஸைச் சரிசெய்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அது மேல் ஸ்தாயியை மட்டும் தின்றுவிட்டு அறையை மந்தமாக்கும். 4 அங்குல ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு) பலகையைத் துணி சுற்றி மூலையில் நிறுத்தினால் சற்றுப் பலன் தெரியும்.

காசு செலவில்லாத வேலை இடம் மாற்றுவது. நாற்காலியை அறை நீளத்தின் சரிபாதியில் போட்டால் 48 ஹெர்ட்ஸ் காணாமல் போகும்; பின்சுவரில் ஒட்டிப் போட்டால் அதுவே வீங்கும். சுவரிலிருந்து நீளத்தின் 38 சதவீதத்தில் தொடங்குங்கள் என்று ஒரு விதி உலவுகிறது. தொடங்குவதற்கு நல்ல இடம், அவ்வளவுதான், அதில் மந்திரம் இல்லை. ஸ்பீக்கரின் முகப்பு அதற்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சுமார் 145 ஹெர்ட்ஸில் நேரொலியை வெட்டும், 30 செ.மீ. என்றால் வெட்டு 290க்குப் போகும். ஒரு சாண் தள்ளி வைத்தாலே ஆண் குரலின் கனம் மாறுவது இதனால்தான். அளவுத்திருத்தக் கோப்போடு வரும் யூஎஸ்பி மைக் ஒன்றும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் இருந்தால் இதையெல்லாம் கண்ணால் பார்க்கலாம். காது இருக்கும் உயரத்தில் மைக்கை வைத்து, தலையைச் சுற்றி ஒரு அடிக்குள் ஆறேழு இடங்களில் ஸ்வீப் (தாழ்விலிருந்து உச்சம்வரை ஏறும் டோன்) எடுத்துச் சராசரி போடுங்கள். ஒரே இடத்தில் எடுத்த கோட்டை வைத்துத் திருத்தினால் தலையைத் திருப்பியதும் திருத்தம் பொய்யாகிவிடும். ஃபேனையும் ஏசியையும் நிறுத்திவிட்டு எடுங்கள். 200, 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மேடுகளை மட்டும் ஈக்வலைசரில் வெட்டுங்கள். பள்ளத்தை நிரப்பப் போகாதீர்கள். அது ரத்தாகும் இடம், எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாது, ஆம்பும் ஊஃபரும்தான் திணறும். செல்போன் மைக் இதற்கு உதவாது. கீழ் ஸ்தாயியைத் தானே குறைத்துவிடும்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை உறுதி. இனி உறுதி இல்லாதவை. ஆலிவின் 0.86 நல்ல எண்தான், ஆனால் அது பலபேரின் சராசரி விருப்பத்தைச் சொல்கிறது, உங்களுடையதை இல்லை. குறிப்பாக பேஸ் எவ்வளவு வேண்டும் என்பதில் ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு உண்டு. வரைபடத்தில் ஏறக்குறையச் சமமான இரண்டு ஸ்பீக்கர்களில் எதை விரும்புவீர்கள் என்பதைச் சூத்திரம் தீர்க்காது, உங்கள் காதுதான் தீர்க்க வேண்டும். ஹை-ரெஸ் (சிடியைவிட உயர்ந்த தரப் பதிவு) பற்றியும் ஆதாரம் இரண்டு பக்கமும் இருக்கிறது. மேயர், மோரன் 2007இல் செய்த சோதனையில் ஹை-ரெஸ் ஒலியை சிடி தரத்துக்கு இறக்கியபோது கேட்டவர்கள் 554 முறையில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். நாணயம் சுண்டியதற்குச் சமம். ஜோஷுவா ரைஸ் 2016இல் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 52.3 சதவீதம் வந்தது. வெறும் ஊகம் தரும் 50ஐவிட வந்த கூடுதல் புள்ளியியல்படி பூஜ்யம் இல்லை, நடைமுறையில் பூஜ்யத்துக்கு மிக அருகில். அதற்காக மாதச் சந்தா கூட்டிக் கட்டலாமா என்பது உங்கள் பர்ஸைப் பொறுத்தது. ‘குருட்டுச் சோதனையின் அவசரத்தில் தெரியாதது ஒரு மாதம் கேட்டால் தெரியும்’ என்பது அடிக்கடி வரும் வாதம். அதை முற்றாகத் தள்ள முடியாது. ஆனால் காதின் ஒலி ஞாபகம் சில நொடிகளில் மங்கத் தொடங்கும் என்பதால், நிரூபிக்க வேண்டிய சுமை அந்தப் பக்கத்துக்குத்தான். ‘பிரேக்-இன்’ (புதுக் கருவி சில காலம் ஓடினால் ஒலி மேம்படும் என்ற பேச்சு) என்பதில் ஊஃபரின் விளிம்பு முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் தளரும் என்பது உண்மை. ஒயர் தளரும் என்பது கதை.

ஒயர் என்றதும் கணக்கு எளிது. சாதாரண வீட்டு வயரிங் கடையில் கிடைக்கும் 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு ஒயர் 5 மீட்டர் ஓடினால், போக வர மொத்தத் தடை 0.07 ஓம், 4 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு 0.15 டெசிபல். அதற்கு மேல் ஒயருக்குச் செலவு செய்வதை நியாயப்படுத்த எந்த அளவீடும் இல்லை, எந்தக் குருட்டுச் சோதனையும் இல்லை.

ஆக ஒன்றரை லட்சத்தை நான் பிரித்தால்: ஸ்பீக்கருக்கு 80,000 முதல் 90,000, 4 ஓமில் தடுமாறாத 60 முதல் 100 வாட் ஆம்ப் 30,000க்குள், உள்ளேயே டாக் இருந்தால் தனி டாக் வேண்டாம், மைக், கம்பளம், திரைச்சீலை, ஸ்டாண்டு இவற்றுக்கு 25,000. மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அளந்து பார்த்தபின் சிறிய சப்ஊஃபர் தேவைப்பட்டால் அதற்கு ஆகும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் 40,000 ரூபாய் ஆம்ப் பிடித்திருந்தால் அதையே வாங்கலாம், கெட்டது இல்லை. 10,000 ஸ்பீக்கரிலிருந்து போகும், அவ்வளவுதான். உங்கள் அறை உண்மையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அளக்காமல் இங்கிருந்து யாரும் சொல்ல முடியாது. ஸ்பீக்கர் மாடலும், கட்டில், பீரோ, ஜன்னல் எங்கே இருக்கின்றன என்ற கோட்டுப் படமும் போட்டால் எங்கே வைத்துத் தொடங்கலாம் என்பதைச் சொல்கிறேன்.